மகளிர் நேரத்தில் வந்த குரல்

புதன், 10-7-1985

நேற்று எழுதியதில் ஒரு தவறு. ரேடியோவில் மகளிர் நேரம் வியாழக்கிழமை என்று குறித்திருந்தேன். புதன்கிழமைதான். அதாவது இன்று.

வியாழன் என்று நம்பி எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். காலையிலேயே பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி ஒளித்துவிடுவது, அப்பா கேட்டால் தீர்ந்துபோய்விட்டது என்பது. இன்று பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரேடியோ முழுத் தெம்போடு பாடிக்கொண்டிருந்தது.

போன சனிக்கிழமை வானொலிக்காரர்கள் இங்கே தலத்தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, பெண்களுக்கு என்ன குறை, என்ன உரிமை வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அன்று அம்மா கோயில் புடவையில் ரேஷன் கடைக்குப் போய், மண்ணெண்ணெய் வரவில்லை என்று அப்போதுதான் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். நான் டைப் வகுப்புக்குச் சீக்கிரமே கிளம்பியதை அவள் கவனிக்கவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு, மைக் பிடித்திருந்த அக்காவிடம் போனேன்.

"நானும் பொண்ணுதாங்க. வீட்ல மரியசெல்வம்னு ஆம்பளப் பேரு வச்சிருக்காங்க. எங்கள மாதிரி ஆளுங்களப் பத்தியும் ரேடியோல ஒரு நாளாவது பேசுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளை, சிரிக்கவில்லை. "பேரு போட மாட்டோம், பயப்படாதீங்க" என்றார். பேர் எதற்கு, குரல் போதாதா என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் கண்ணில் மையைப் பார்த்துவிட்டு அப்பா பெல்ட்டால் அடித்தார். "இன்னொரு தடவ இந்தப் பொம்பள வேஷம், பொம்பளப் பேச்சு வந்துச்சு, இந்த வீட்டுப் படிய நீ மிதிக்கக் கூடாது" என்றார். சொன்னால் செய்கிறவர்.

"மகளிர் நேரம்" என்று அறிவிப்பு வந்ததும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"பொம்பளைங்க குறை சொல்லப் போறாங்களாம்ப்பா" என்று அண்ணன் அடைக்கலராஜ் சிரித்தான். "அர மணி நேரம் எந்த மூலைக்கு? பொழுது விடிஞ்சிரும்."

"அடுத்தாப்புல செய்தி இருக்கு. ஓடட்டும்" என்றார் அப்பா.

அம்மா குழம்புக் கரண்டியோடு வந்தாள். "ஏங்க, தலவலி மண்டையப் பொளக்குது. அத நிறுத்திடுறேனே."

"தலவலின்னா நீ போயிப் படு."

கோட்டுச்சேரிப் பெண் ஒருத்தி பேசினாள். அவள் கூலி முழுக்கப் புருஷன் வழியாகச் சாராயக் கடைக்குப் போகிறதாம். குரும்பகரத்துப் பெண் ஒருத்தி, ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலியா என்று கேட்டாள். ஒவ்வொரு குரல் முடியும்போதும், அடுத்தது நான்தான் என்று காத்திருந்தேன்.

அம்மா சட்டென்று குனிந்து ரேடியோவை நிறுத்தினாள். இந்த மாதிரிப் பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எப்படியோ பிழைத்தேன் என்றும் நினைத்தேன்.

இரண்டுமே தவறு. சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சுகம் அக்கா வீட்டு ரேடியோ அதே நிகழ்ச்சியை எங்களைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நீ நிறுத்துனா ஊரே நிறுத்திருமாம்மா?" என்றான் அண்ணன். அப்பா தானே எட்டித் திருகினார்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?" மைக் அக்காவின் குரல்.

"ரெண்டுங்க. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான்.

"பொண்ணு என்ன பண்றாங்க?"

"சாயந்தரம் டைப்பு கிளாசுக்குப் போவுதுங்க. கெட்டிக்காரப் புள்ள."

"உங்க பொண்ணுக்கு என்ன உரிமை வேணும்னு நெனக்கிறீங்க?"

"பெருசா ஒண்ணும் வேணாங்க. வீட்ல அத யாரும் அடிக்காம இருந்தாப் போதும்."

நன்றி சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டார்கள். என் குரல் வரவே இல்லை, வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்கிறாள், அதில் வெட்ட என்ன இருக்கிறது என்று அதை மட்டும் விட்டிருப்பார்கள்.

"யம்மா, அது நீதான?" என்றான் அண்ணன். "நம்ம வீட்ல ஏதும்மா பொண்ணு?"

 அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செய்தி தொடங்கியிருந்தது. அதைக் கேட்காமலே எழுந்து, கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இதை எழுதும்போது விளக்கு வைத்தாயிற்று. அப்பா இன்னும் வரவில்லை. நான் வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை அம்மா கோயில் புடவையில் எங்கே போனாள் என்று இப்போதுதான் புரிகிறது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. வாசற்படிக்கும் எனக்கும் நடுவில் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். நீ எழுது."

நாளை செய்ய வேண்டியது: டைப் இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் பேட்ச் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது. அம்மாவும் கூட வருகிறாள்.