ஒரே தேய்மானம்

டாக்டர் சொன்னபடி ஆறு மாதமாகக் கணவனும் மனைவியும் தினமும் சேர்ந்துதான் நடந்தார்கள். தயாளனின் ரத்தக்குழாய்கள் இளகியிருந்தன. சுகந்தியுடையவை விறைப்பாகவே இருந்தன. டாக்டர் ரிப்போர்ட்டை வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. நடக்கிறீங்களா, பார்க் பெஞ்சுல உக்காந்து கதையடிக்கிறீங்களா?"

"கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பா சார்," என்றார் தயாளன்.

"நேத்து 'நில்லுடி, மூச்சு வாங்குது'ன்னது யாருங்க?"

அவள் எழுந்து வெளியே போனாள். வாசலில் கழற்றிவைத்த ஷூக்களில் தன்னுடையது ஒன்றும் அவருடையது ஒன்றும் எடுத்துவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

டாக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

"நடந்தா குழாய் இளகும்னு மொதல்ல யாரை நடக்கவெச்சுக் கண்டுபிடிச்சாங்க டாக்டர்? பொம்பளைங்க யாராச்சும் அதுல இருந்தாங்களா?"