புயலுக்குத் தாங்குமா வேன்?

“ஏனுங்க, வண்டி ஆடறது எனக்கே தெரியுது. நீங்க என்ன பண்ணியிருக்கறீங்கன்னு சொல்லுங்க!”

காற்றின் இரைச்சலில் இந்துமதி கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மடியில் பட்டியல், கையில் பேனா. இடப்பக்கக் கண்ணாடியில் தண்ணீர் சளார் சளாரென்று அறைந்தது.

“பயப்படாத புள்ள. கேஸ் சிலிண்டர மூடியாச்சு. வெளிய கட்டுன தார்ப்பாயச் சுருட்டிட்டேன். குடிதண்ணி, டார்ச்சு, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டற எடத்துல இருக்குது” என்றார் கதிர்வேல்.

“டீசல்?”

“ஃபுல் டேங்க்!”

ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டாள்.

இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியே கதியென்று கிடந்தவர் கதிர்வேல். சாம்பிளுக்கு ஓகே வாங்காமல் ஒரு பனியனைக்கூடத் தைக்க விடாத ஆள். கடற்கரையோரமாகவே ஊர் ஊராகப் போக வேண்டும் என்ற ஆசையில் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார். இந்துமதி போட்டது ஒரே நிபந்தனைதான். ஒரு புயலைச் சமாளிக்கத் தெரியவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும்.

கதிர்வேல் அவள் மடியில் இருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். மனைவி சொன்னால் செய்துவிடுவாள்.

“கடைசி ஒண்ணு” என்றாள் இந்துமதி. “எச்சரிக்கை வந்ததுமே கடலோரத்த உட்டு வண்டிய எடுத்துப்போடோணும். வேனுக்குள்ளயே உக்காந்து புயலப் பாக்கறவன் முட்டாளுன்னு நீங்கதானுங்க இந்தப் பட்டியல்ல எழுதுனீங்க. எச்சரிக்கை வந்து பத்து நிமிசமாச்சு. ஏன் இன்னும் எடுக்கல?”

“இதா, எடுத்தர்றேன். சாவி...”

சட்டைப்பை காலி. கதிர்வேலுக்குத் திக்கென்றது.

நனையக் கூடாதென்று ஆர்சி புக், லைசென்ஸ், ஆதார் எல்லாவற்றையும் பனியன் போடும் பாலிதீன் கவர்களில் தனித்தனியாக ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைச் சுற்றியும் டேப் ஒட்டியிருந்தார். கைப்பழக்கம். அந்த வேகத்தில் சாவியும் உள்ளே போய்விட்டது.

“சாவியையும் பேக் பண்ணிட்டீங்களா? எக்ஸ்போர்ட்டுக்கா அனுப்பறீங்க?” இந்துமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சிரிக்காத புள்ள. கத்திரிக்கோலக் குடு!”

“எங்கீங்க இருக்குது?”

“அதும் பெட்டிக்குள்ளதான்.”

பல்லால் கடித்து டேப்பைக் கிழித்தார். ஆறு கவர்களைப் பிய்த்து எறிந்தார். ஏழாவதில் சாவி இருந்தது. பாய்ந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வேன் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

இந்துமதி கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு கடைசி டிக்கைப் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்தாள்.

“பாஸுங்க. வண்டிய விக்க வேண்டாம்.”

கதிர்வேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிரேக்கை மிதித்து, ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டினார்.

“ஆத்தப்பா! சாம்பிள் ஓகே ஆயிருச்சு! காத்த நிறுத்து!”

கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் பெருமாநல்லூரில், பனியன் கம்பெனி வாசலில் நாலு ராட்சச ஃபேன்களும் ஒவ்வொன்றாக நின்றன. அதுவரை வேனைப் பிடித்து ஆட்டிய டெய்லர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் ஆத்தப்பன் தீயணைப்புக் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்: “அப்ப, நெசமான கடலுக்கு எப்பங்க கெளம்பறீங்க?”