ஏழாவது மாத்திரை

மருந்துக்கடையின் கண்ணாடி மேடையில் மதிய வெயில் படுத்திருக்கிறது. தையல்காரி கருத்தடை மாத்திரை அட்டையைக் கைக்குள் மறைத்தபடி, "இன்னிக்குப் போட்டா இன்னிக்கே கேக்குமாக்கா?" என்று முணுமுணுக்கிறாள். கடைக்கார அக்கா சிரிக்கவில்லை. பின்னால் நிற்பவர்களின் காதுக்கு எட்டாதபடி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைக்கிறாள். "பீரியட்ஸ் வந்து எத்தனை நாளாச்சு?" "பத்து." "அஞ்சு நாள் தாண்டிடுச்சில்ல? அப்ப ஏழு நாள் விடாம போட்டாத்தாம்மா கேக்கும். அதுவரைக்கும் ஆணுறையும் வேணும்." "போன தடவை மூணு நாள்லயே நம்பிட்டேன். அப்படி வந்தவன்தான் சின்னவன்." தையல்காரி தன் சட்டையில் ஒட்டியிருக்கும் சிவப்பு நூலை உருவி, ஏழாவது மாத்திரைக்குக் கீழே அட்டையைச் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். கண் கலங்குகிறது. அக்காவின் வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்து தொங்குகிறது. தையல்காரி தன் காலரில் நூலோடு குத்தியிருக்கும் ஊசியை எடுக்கிறாள். "கொஞ்சம் அசையாம நில்லுங்கக்கா."