ஆறாவது ஸ்பூன்

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஸ்பூன் எடுத்து வைப்பது கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரின் பொறுப்பு. கல்லூரி முடித்து சியோலுக்கு வந்த செரிம் முதல் நாளே அதைச் செய்தாள். உணவக மேசையின் இழுப்பறையைத் திறந்து, காகிதத்தை விரித்து, ஸ்பூனும் சாப்பிடும் குச்சிகளும் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவளோடு சேர்த்து ஐந்து பேர். அவள் ஆறு ஸ்பூன் வைத்திருந்தாள்.

"யாரும்மா அந்த ஆறாவது ஆளு? உன் ஆளா?" என்றார் டீம் லீடர் நோ. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தால் கை தானாகப் போனது. மறுநாளும் அப்படித்தான். அந்தக் கேலியைத் தவிர அவளிடம் வேறு பேச்சுக் கொடுப்பார் இல்லை என்பதால், திருத்திக்கொள்ளவும் அவள் முயலவில்லை.

குளிர்காலத்தில் கேலியும் நின்றது. சாப்பிடக் கிளம்பும்போது அவளைக் கூப்பிட மறந்தார்கள். அவளாகவே பின்னால் நடந்துபோய்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வசந்தத்தில் தோக்யோங் புதிதாகச் சேர்ந்தான். தன்னோடு சேர்த்து ஐந்து பேருக்கும் ஸ்பூன் வைத்துவிட்டு, செரிம் முன்னாலும் ஒன்று வைத்தான்.

"ஒண்ணு அதிகமாயிருச்சே தம்பி," என்று சிரித்தார் நோ. "போன வருஷம் இருந்த பொண்ணும் இப்படித்தான் வைப்பா."

"சார், அது எனக்கு," என்றாள் செரிம்.

நோ கையை நீட்டி, அவள் முன்னாலிருந்த ஸ்பூனை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

தோக்யோங் ஒருமுறை சுவரோரம் பார்த்தான். பிறகு ஆறாவது கோப்பையிலும் தண்ணீர் ஊற்றி, மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான்.