மலிவு இரும்பு

"இந்த ஆளு தலைக்குள்ள இருந்தது மூளையா, தவிடா?" என்றபடி கிளெண்டா ப்ரௌஸ் கையிலிருந்த தாளை மேசைமேல் விட்டெறிந்தார். வகுப்பில் பதினெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

ஃபெர்கஸ் ஹாலரனுக்குக் காது சிவந்தது. ஓர் ஆலை மேலாளரைப் புகழ்ந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து அவன் எழுதிய கட்டுரை அது. மெட்டீரியல்ஸ் என்ஜினீயரிங்கும் வணிகவியலும் சேர்ந்த அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பில், இரண்டு துறை ஆசிரியர்களும் தட்டிக்கொடுக்கும் மாணவன் அவன். இந்தக் கட்டுரை தேறினால் மெல்போர்னிலேயே பெரிய கம்பெனி ஒன்றில் ஒரு வருடப் பயிற்சி நிச்சயம்.

கிளெண்டாவும் அதே வகுப்பு மாணவிதான்; வயது ஐம்பத்துமூன்று. பல்லாரட் பக்கம் மூடிப்போன ஓர் இரும்பு வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையின் முத்திரை போட்ட நீலச் சட்டையை, முழங்கை வெளுத்த பிறகும் விடாமல் மாட்டிக்கொண்டு வருவார். "இவங்க பட்டம் வாங்குற அன்னிக்கே பென்ஷனும் வந்துடும்" என்று முதல் வாரமே சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தவன் ஃபெர்கஸ்தான்.

கட்டுரைக்காக விரிவுரையாளர் நெவில் கொடுத்த குறிப்பில் ஆலையின் ஊரும் இல்லை, பேரும் இல்லை. கோதுமை ஏற்றும் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் கொக்கி செய்த ஆலை என்று ஒரு வரி இருந்தது. எந்த ஆலை என்று கண்டுகொள்ள கிளெண்டாவுக்கு அது போதுமாக இருந்தது.

"கிளெண்டா, கொஞ்சம் மரியாதையா பேசலாமே" என்றார் நெவில்.

"மரியாதையா? சரி. இந்த மகா மேலாளர் அப்படி என்ன சாதிச்சாங்க, சொல்லு ஃபெர்கஸ்."

"நஷ்டத்துல கிடந்த ஆலைய ஒரே வருஷத்துல லாபத்துக்குத் திருப்பினவரு" என்று ஃபெர்கஸ் நிமிர்ந்தான். "மலிவா பழைய இரும்பு வாங்கினாரு. சும்மா கிடந்த சோதனைக்கூடத்த மூடினாரு. வணிகப் பாடத்துல இதுக்குப் பேரு துணிச்சல்."

"என்ஜினீயரிங் பாடத்துல இதுக்குப் பேரு என்ன? அந்த இரும்புல பாஸ்பரஸ் எவ்வளவு இருந்துச்சு?"

"அது குறிப்புல இல்லையே."

"இருக்காது. பாஸ்பரஸ் கூடின எஃகு குளிர்ல பிஸ்கட் மாதிரி உடையும். சோதனைக்கூடத்துல இருந்த அம்மா அத மூணு தடவ எழுதிக் கொடுத்தாங்க. முதல் ரெண்டு கடுதாசியப் படிச்சுட்டுச் சிரிச்சாச்சு. மூணாவதப் பிரிக்கக்கூட இல்ல, டிராயர்ல போட்டுப் பூட்டியாச்சு. அப்புறம் கூடத்தையே பூட்டியாச்சு."

நெவில் கண்ணாடியைக் கழற்றினார். "டிராயர் சமாச்சாரம் எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷம் அங்க இருந்தேன், நெவில். அதுவும் சின்ன ஆலை."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். கிளெண்டா நிறுத்தவில்லை.

"அடுத்த ஜூலை, நடுக் குளிர்காலம். காலையில தரையெல்லாம் உறைபனி. கொக்கி ஒண்ணு பட்டுனு தெறிச்சுச்சு. பெட்டிங்களுக்கு நடுவுல நின்ன பாரிங்கிற தொழிலாளிக்கு வலது கால் போச்சு. ரெண்டே மாசத்துல ரயில்வே ஆர்டர் போச்சு, ஆலை போச்சு, இருநூறு பேரு வேலை போச்சு. உங்க குறிப்பு லாபம் வந்த வருஷத்தோட முடிஞ்சுடுது. ரொம்ப வசதி!"

வகுப்பு அவர் பக்கம் சாய்வது ஃபெர்கஸுக்குத் தெரிந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன்னிடமிருந்த அவன் கட்டுரைப் பிரதியின் ஓரத்தில் பெரிய கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி வாய்ப்பு கைநழுவிப் போவதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

"ஒரு ஆலைய நடத்துற அளவுக்கு உயர்ந்தவரு விவரம் தெரியாமலா செஞ்சிருப்பாரு?" என்றான்.

கிளெண்டா மூக்கால் சிரித்தார். "விவரமா? கணக்குப் பிரிவுல கிளார்க்கா நுழைஞ்சு, கூட்டல் கழித்தல் தெரிஞ்சதுக்காகவே மேல தூக்கி உட்கார வெச்ச ஜென்மம் அது. எஃகுக்கும் மாட்டுச் சாணிக்கும் வித்தியாசம் தெரியாது. சரி, கணக்காவது தெரியுமான்னு பார்த்தா அதுவும் இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல எண்ணத் தெரியாத கணக்கு!"

இப்போது பின்வரிசை வாய்விட்டே சிரித்தது. சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று ஃபெர்கஸுக்குப் பட்டது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வேலை போன வயித்தெரிச்சல், வேற என்ன! ஆலை மூடினா எல்லா ஊர்லயும் தொழிலாளிங்க மேலாளரத்தான் திட்டுவாங்க. அது ஆராய்ச்சியும் இல்ல, படிப்பும் இல்ல."

"ஃபெர்கஸ், போதும்" என்று நெவில் கையைத் தூக்கினார்.

அவன் கேட்கவில்லை. "ஆளு இல்லாத இடத்துல யாரு வேணா வீரம் பேசலாம் கிளெண்டா. அந்த மனுஷன் எதிர்ல வந்து நின்னா, மூஞ்சிக்கு நேரா இதுல ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

கிளெண்டா சட்டையின் வெளுத்த முழங்கையை நீவிவிட்டார். பிறகு பேசியபோது குரலில் அந்தக் காரம் இல்லை.

"தினமும் சொல்றேன், கண்ணு. காலையில பல்லு தேய்க்கிறப்போ, கண்ணாடியப் பார்த்து."