பானெட்டில் வைக்காத சாவி

சாவியைத் திருகினாள்.

இன்ஜின் ஒரு தடவை இருமியது. அடங்கிப்போனது.

மீட்டருக்கு நடுவில் சாவி உருவத்தில் ஒரு சிவப்பு விளக்கு. யாரோ பொட்டு வைத்து வைத்து அழிப்பதுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

மூன்று நாளாக இதே கூத்து.

"எலிதானுங்க அண்ணி, வயரக் கடிச்சிருக்கும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டான் கிருபா. செத்துப்போன கணவன் தனபாலின் தம்பி. "நான் ஆளக் கூட்டியாந்து பாக்கறேன். நீங்க எதுக்கு வெசனப்படறீங்க?"

ஆள் வரவில்லை.

"வேலைக்குப் போயித்தான் ஆகோணுமா? நாங்கெல்லாம் இல்லீங்களா?" என்று அதையும் சொன்னான். நாக்கில் தேன் தடவித்தான் பேசுவான்.

நாளைக்குக் கல்லூரியில் போய் நிற்காவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள். மலையடிவாரத்துக் கல்லூரி. பஸ் போகாத பாதை. வேலையும் போனால் இந்த வீட்டில் காப்பித்தூளுக்குக்கூட அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் யூசுப்பை வரச்சொன்னாள். கார்களின் கரண்டு வேலைக்கு ஊரில் அவன் ஒருவன்தான்.

வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் யூசுப் கொஞ்சம் முழித்தான். பிறகு வேலைக்கு உட்கார்ந்துவிட்டான்.

பேட்டரியைப் பார்த்தான். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, வயரை விரலாலேயே தடவிக்கொண்டு போனான்.

"எலியோட பல்லே படலீங்க்கா."

"அப்புறம்?"

"சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்குங்க. சாவி போடற ஓட்டையச் சுத்தி ஒரு வளையம். சிப்பு பேசோணும், வளையம் கேட்டு வண்டிக்குச் சொல்லோணும். ரெண்டுக்கும் பேச்சு அத்துப்போச்சுன்னா இன்ஜின் ஓடாது. அதத்தான் பாக்கறேன்."

அற்றுத்தான் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். இந்த வீட்டில் எது அறாமல் இருக்கிறது?

ஸ்கேனரைச் சொருகினான். சாவியைப் போடச் சொன்னான். திரையைப் பார்த்தான். எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சாவி பேசுதுங்க. வண்டிக்கும் கேக்குது."

"பின்ன என்ன?"

"ஏத்துக்க மாட்டேங்குது."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கேனரின் வயரை விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடி சுற்றினான்.

"அக்கா, இந்த வண்டி நாலு நாளைக்கு முந்தி என் கடைக்கு வந்துச்சு. தம்பிதான் கொண்டாந்தாரு. ஒரு சாவி தொலைஞ்சிருச்சு, திருட்டுப்பய கையில கெடச்சா வண்டியக் கொண்டு போயிருவான், அத அழிச்சுருன்னாரு."

அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"ஆர்.சி. கேக்காம விட்டுட்டனுங்க. தனபால் அண்ணன் தம்பிதானேன்னு நெனச்சுட்டேன்."

ஆர்.சி. அவள் பெயரில்தான் இருந்தது. அவள் பெயரில்தான் எடுப்பேன் என்று தனபால் ஒற்றைக்காலில் நின்றான்.

"எந்தச் சாவியக் கொண்டாந்தாரு?"

"சின்னதா ஒரு பித்தளை வேல் மாட்டியிருந்துச்சுங்க."

தனபாலின் சாவி. ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தையும் பர்ஸையும் கிருபாவிடம்தான் கொடுத்தார்கள். சாவி எங்கே என்று அவள் கேட்டிருந்தாள். அது அங்கயே தொலைஞ்சு போச்சுங்க அண்ணி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் அழவில்லை. அழுகை எல்லாம் போன மாதமே தீர்ந்திருந்தது.

"என் சாவிய மறுபடி சேக்க முடியுமா?"

"முடியுங்க. ஆனா சேக்கறப்ப இருக்கற சாவி அத்தனையும் பானெட் மேல இருக்கோணும். எது வரலையோ அத வண்டி மறந்துரும். அப்புறம் அது வெறும் இரும்புதான்."

கேட்டில் பைக் சத்தம் கேட்டது.

கிருபா உள்ளே வந்தான். யூசுப்பைப் பார்த்தான். முகம் ஒரு கணம் வெளுத்து, திரும்பவும் சிரிப்புக்கு வந்தது.

"என்னங்க அண்ணி, எலிதானே?"

"எலிதான் தம்பி," என்றாள்.

யூசுப் குனிந்து ஸ்பேனர் பையில் எதையோ தேடினான்.

அவள் தன் சாவியை பானெட் மேல் வைத்தாள். வெயிலில் சூடேறிய தகரத்தில் அது மட்டும் தனியாகக் கிடந்தது.

"யூசுப் சாவி எல்லாத்தையும் கேக்கறாரு. உங்க அண்ணனோட சாவி கெடச்சுதுன்னா நீங்களும் வைங்க தம்பி. பக்கத்துலயே வைங்க. ரெண்டும் இருக்கட்டும்."

மெய்யாகவே அப்படித்தான் கேட்டாள். இடமும் விட்டு நின்றாள்.

அவன் கை பாக்கெட்டுக்குள் போனது.

அங்கேயே நின்றது.

"எங்கிட்ட ஏதுங்க அண்ணி? அதுதான் அன்னைக்கே தொலைஞ்சு போச்சே."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வற்றிய விளக்கைப் பார்ப்பதுபோல்.

"சரிங்க தம்பி. யூசுப், நீங்க ஆரம்பிங்க."

சிவப்பு விளக்கு ஒரு முறை நீளமாக எரிந்தது. அணைந்தது. பிறகு எரியவே இல்லை.

இன்ஜின் சத்தம் எழுவதற்கு முன்னால், கிருபாவின் பாக்கெட்டுக்குள் பித்தளை வேல் ஒரே ஒரு தடவை கிணுங்கென்று ஒலித்தது.