டிக்கிக்குள் டொக் டொக்

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் பல் செட் மேல் சத்தியம். என்னிடம் பொய் என்று இருப்பது அது ஒன்றுதான்.

"யோவ் மெக்கானிக்! வெளியே வாய்யா!"

கத்தியவருக்கு எங்கள் தெருவில் குக்கர் என்று பெயர். அவர் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப் கூரையில் இருந்த காக்கைகள் அத்தனையும் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன. இன்னும் திரும்பவில்லை.

காருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. ஓரத்து பெஞ்சில் குக்கரின் அப்பா, கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி குறட்டை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"காது நல்லாத்தான் கேக்குது. மெதுவாச் சொல்லுங்க."

"அன்னிக்கு என்னய்யா சொன்னே? வேகத்தடையில ஏறினா டொக் டொக்குங்குது, திரும்பினா வண்டி சாயுது, ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ஞ்சு போச்சு, ரெண்டு பக்கமும் புதுசு போட்டா சரியாயிடும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். போட்டேன்."

"மறுபடி அதே டொக் டொக்! பழசையே துடைச்சு மாட்டிட்டியா?"

"பழசைப் பேப்பர்ல சுத்தி உங்க டிக்கியிலதானே வெச்சேன்? பாக்கலியா?"

"உன் குப்பையை நான் ஏன்யா பாக்கணும்? திருட்டுப் பய!"

வண்டி விட வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் நைசாகத் தன் கார் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மெக்கானிக்கின் முகம் கறுத்தது.

"திருட்டுப் பயலா? இருங்க, எல்லாரும் இருங்க. யாரும் போகக் கூடாது."

காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினார்.

"குனிங்க சார். இதுதான் லிங்க்."

ஒரு சாண் நீளக் கம்பி. இரண்டு நுனியிலும் குண்டு மூட்டு, அதன்மேல் ரப்பர் உறை.

"தேய்ஞ்சதுன்னா ரப்பர் கிழிஞ்சு, கிரீஸ் வழிஞ்சு, தொட்டாலே லொடலொடன்னு ஆடும். எங்கே, ஆட்டுங்க பாப்போம்."

குக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். அவர்தான் ஆடினார். லிங்க் ஆடவில்லை.

"அப்போ சத்தம் உங்கப்பன் வீட்லேர்ந்தா வருது?"

மெக்கானிக் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார். முன்பக்கத்தை அமுக்கி விட்டார். சத்தம் இல்லை. பின்பக்கம் வந்து அமுக்கினார்.

டொக்.

டிக்கியைத் திறந்து, ஓரத்து மூடியை விலக்கினார். உள்ளே, கட்டுக் கம்பியில் தொங்கி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது பழைய லிங்க்.

குக்கர் வெடித்தார்.

"அடப்பாவி! திரும்பத் திரும்ப வரவைக்கத்தான் இந்த வேலையா? எல்லாரும் பாத்துக்குங்க! இதை வீடியோ எடுத்து ஊர் பூரா அனுப்பறேன். இனி ஒரு சைக்கிள்கூட உன் கடைக்கு வராதுடா!"

போனைத் தூக்கிவிட்டார்.

"போனை உள்ளே வைங்க."

மனைவி.

"அவர் பாவம். அதைக் கட்டினது நான்."

"நீயா? மூளை கீளை குழம்பிடுச்சா உனக்கு?"

"புது லிங்க் போட்ட அன்னிக்கு, நீங்க வந்ததே எங்களுக்குத் தெரியலை. நானும் நம்ம பாப்பாவும் மாமாவும் ஏதோ பேசிச் சிரிச்சிட்டிருந்தோம். 'என்னடி இளிப்பு'ன்னு பாப்பா கையில இருந்த தட்டைப் பிடுங்கி எறிஞ்சீங்க. ஞாபகம் இருக்கா?"

குக்கர் தூக்கிய போனை இறக்கினார்.

"தெருமுனை வேகத்தடையில அந்த டொக் டொக் கேட்டாத்தான், நீங்க உள்ளே வர்றதுக்குள்ள எங்களால சிரிப்பை நிறுத்த முடியுது."

அத்தனை பேரும் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குக்கர் போனைப் பையில் போட்டார். மெக்கானிக்கிடம் கட்டிங் பிளேயரை வாங்கி, கம்பியை வெட்டி, லிங்க்கைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். கூட்டத்தைப் பார்த்து, "இவர் வேலையில தப்பு இல்லை" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டவர் அதை மறுபடி மெக்கானிக்கிடம் நீட்டினார்.

இப்போதெல்லாம் குக்கர் தெருமுனையிலேயே ஹாரன் அடித்துவிட்டுத்தான் வருகிறார். முந்தாநாள் வாசலில் நின்று, "என்ன, சிரிப்பு பலமா இருக்கு? எனக்கும் சொல்லுங்களேன்" என்று கேட்டார். பாப்பா சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தார்.

எல்லாம் சரி. ஆனால் அந்த மருமகளுக்குக் கட்டுக் கம்பி முறுக்கவே தெரியாது. அத்தனை பேர் முன்னால் அவள் பழியை ஏற்றுக்கொண்டது, பெஞ்சில் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்த கிழவனைக் காப்பாற்றத்தான்.

யார் சொன்னது என்று என் மகனிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பல் செட்.